பால்பல்லில் ஒரு தூளி

ஒரு பால்பல்லைப் படிக்கப் பல்வரிமானிக் கருவிக்குப் பதினோரு நிமிடம் ஆகும். அதற்குள் தாய்மார்கள் தவறாமல் கேட்பது ஒன்றுதான்: "என் புள்ளைக்கு எந்த கிளாஸ் வரும்?"

மரத்தில் வளையம் விழுவதுபோல் பால்பல்லில் நாள்தோறும் ஒரு வரி விழுகிறது. அன்று குழந்தையின் இரத்தத்தில் ஓடிய உலோகம் அந்த வரியில் தங்கிவிடும். காரீயம் மிகுந்தால் வளரும் மூளையில் கவனமும் நினைவும் பிந்தும். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அரசு தனி வகுப்பு வைத்தது, நல்ல எண்ணத்தில்தான். தெருப்பிள்ளைகள் அதற்கு மக்கு ரூம் என்று பெயர் வைத்தார்கள்.

அறிக்கையில், காரீயம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் 'மூலம்' என்ற இடத்தில் பன்னிரண்டு கட்டங்கள் இருந்தன. சுவர்ப்பூச்சு, கண்மை, பாத்திரம், மஞ்சள்தூள், இப்படி. எல்லாம் வீட்டுக்குள் இருப்பவை. "வீட்ல என்ன பண்ணீங்க?" என்று ஆறு வருடமாக இந்தப் பல்வரி நிலையத்தில் அஞ்சுகம் தாய்மார்களிடம் கேட்டு, ஏதாவது ஒன்றில் குறியிட்டுவந்தாள்.

இன்று கருவிக்குள் இருந்தது அவள் மகள் மகிழினியின் பல். மகிழினி பெஞ்சில் உட்கார்ந்து, புதிய ஓட்டைக்குள் நாக்கை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூரைமேல போட்டுட்டோம்னு ஒரு கையெழுத்து போட்ருக்கலாம்லக்கா?" என்றாள் உடன் வேலை பார்க்கும் சகாயமேரி. விழுந்த பல்லை நிலையத்தில் தரவேண்டும் என்ற சட்டம், அதைக் கூரையில் எறியும் வழக்கத்துக்கு விலக்கு தந்திருந்தது. எறிந்தவர்களின் பிள்ளைகளுக்குப் பொது வகுப்பு.

"ஊர்ப் புள்ளைங்க பல்லையெல்லாம் படிச்சுட்டு எம்புள்ளதைக் கூரைல போடவா, மேரி?"

"பெரிய அரிச்சந்திரன் தங்கச்சி!"

திரையில் வரிகள் வந்தன. பிறந்த நாளைக் காட்டும் தடித்த கோடு வரைக்கும் பல் தெளிவாக இருந்தது. அதன்பின் ஐந்தாம் நாள் காரீயம் தொடங்கியது. மாதாமாதம் ஏறியது. பதினோராம் மாதம் திடீரென்று இறங்கியது.

மேரி கேலியை விட்டுவிட்டாள். "தனி கிளாஸ் அளவுக்கு இருக்கேக்கா."

அஞ்சுகம் தன்னையே கேட்டுக்கொண்டாள். வீட்டில் என்ன செய்தேன்? குழந்தைக்கு மை வைத்ததில்லை. மஞ்சள் வீட்டில் அரைத்தது. சுவருக்கு வெறும் சுண்ணாம்பு. பதினோரு மாதம் மட்டும் வீட்டில் இருந்தது எது?

ஐந்தாம் நாள் தூளி கட்டினார்கள். நடக்கத் தொடங்கியதும் அவிழ்த்தார்கள்.

பல்வரிமானிக்கு ஒப்புவில்லை வேண்டும். இவ்வளவு காரீயம் என்றால் இவ்வளவு ஒளி என்று கருவிக்குக் கற்றுத்தருவது அதுதான். எலும்புச் சாம்பலில் காரீயப் பொடியைக் கலந்து, கல்வத்தில் அரைத்து, அச்சில் அழுத்திச் செய்யவேண்டும். கருவுறும்வரை அதை அஞ்சுகம்தான் செய்தாள். கையுறை போட்டாள், முகமூடி போட்டாள். கருவுற்றதும் நிறுத்திவிட்டாள். ஆனால் வேலைக்குக் கட்டிய பருத்திப் புடவைகள் துவைத்துத் துவைத்துப் பூப்போல் ஆகியிருந்தன. பிள்ளைக்கு உறுத்தக்கூடாது என்று அவற்றிலேயே மெத்தென்று இருந்ததை எடுத்துத் தூளி கட்டினாள். எவ்வளவு துவைத்தும் இழைக்குள் பொடி தங்கியிருந்திருக்கிறது. பல் முளைக்கும்போது மகிழினி அந்தப் புடவை ஓரத்தைத்தான் சப்பிக்கொண்டு கிடந்தாள்.

"மேரி," என்றாள். "உன் சின்னவன் எந்தப் புடவைல கிடக்கிறான்?"

அஞ்சுகத்துக்குப் பிறகு வில்லை செய்தவள் மேரி. அவள் கை வேலையை விட்டாள். பிறகு கைப்பேசியை எடுத்தாள். "அத்தே, புள்ளையத் தூளியிலேர்ந்து தூக்குங்க. தூங்குனாலும் பரவால்ல... அழட்டும் அத்தே, தூக்குங்க. நான் வந்து சொல்றேன்."

அவள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள்.

அஞ்சுகம் அறிக்கையைத் திறந்தாள். அழித்துவிட இன்னும் ஒரு பொத்தான் இருந்தது. இதேபோல் நாற்பது நிலையங்கள். ஒவ்வொன்றிலும் அரைக்கும் பெண்கள், அவர்கள் வீட்டில் கொடிகளில் காயும் மென்மையான புடவைகள்.

பன்னிரண்டு கட்டங்களுக்கும் கீழே, வெற்றிடத்தில், பதின்மூன்றாவதாக ஒன்றை எழுதினாள்: 'பல்வரி நிலையம்.' மகிழினியின் பெயருக்கு நேரே 'தனி வகுப்பு' என்று விழுந்தது. அனுப்பினாள்.

மகிழினி வந்து மடியில் ஏறிக்கொண்டாள்.

"என் பல்லு என்னம்மா சொல்லுச்சு?"

அஞ்சுகம் அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

"பாப்பா தூளில நல்லாத் தூங்குச்சுன்னு சொல்லுச்சு."