எதற்கு மேல் எது

செவ்வாயில் புதுக்கொற்கைக் குடியிருப்பு விழிப்பது பூச்சு மணியில்தான். அது அடித்ததும் நாலாயிரம் பேரும் கண்ணாடி முன் நின்று முகத்தில் அடுக்கத் தொடங்குவார்கள். காற்றில் ஈரம் கிடையாது. கதிர்வீச்சோ கூரையைத் தாண்டியும் கொஞ்சம் கசியும். பூசாதவன் முகம் ஒரே மாதத்தில் வற்றல் மிளகாய்.

அடுக்குவதில் பூரணத்தை மிஞ்ச ஆளில்லை. முதலில் நீர்போல் மெல்லியது, கடைசியில் நெய்போல் கெட்டியானது. காலையில் வைட்டமின் சி, அது உலர்ந்தபின் ஈரங்காப்பான், எல்லாவற்றுக்கும் மேல் கதிர்த்தடுப்பு. சுருக்கம் போக்கும் ரெட்டினால் ஒரு ராத்திரி, தோலை உரிக்கும் பழ அமிலம் மறு ராத்திரி. அந்த இரண்டையும் ஒரே ராத்திரியில் சேரவிட்டதில்லை, சண்டைக்காரச் சம்பந்திகளைப் பந்தியில் பக்கத்தில் உட்கார்த்தாத மாதிரி. முப்பது வருடம் ஒருநாள் தப்பாமல் செய்தாள். அதன் பலன், கப்பல் சீட்டு வாங்கப் போன இடத்தில், வயது சொல்லும் தோல்மானிக்கு முன்னால் தெரிந்தது.

"வயது முப்பத்து நான்கு," என்றது கருவி.

"அறுபதுப்பா எனக்கு!"

பூமிக்குத் திரும்பும் கப்பல் இருபத்தாறு மாதத்துக்கு ஒருமுறை. அறுபது முடிந்தவர்களுக்கு மட்டுமே இடம். முன்பு சான்றிதழ் பார்த்தார்கள். ஊர் திரும்பும் ஆசையில் நாற்பது வயதுக்காரனெல்லாம் அறுபது என்று எழுதி வாங்கி வந்ததால், காகிதத்தை விட்டுவிட்டுத் தோலை வாசிக்கும் தோல்மானியை வைத்தார்கள். தோலைத் திருத்த முடியாதாம். சட்டம் எழுதியவர் முகம் கழுவுவதோடு சரி போலிருக்கிறது.

தூத்துக்குடியில் அக்கா வடிவுக்கு அறுபத்தாறு. செவ்வாய்க்குக் குரல் மட்டும்தான் வரும், படத்துக்கு வழியில்லை. போன மாதக் குரலில், "ஏட்டி, நான் கெழடாகிட்டேன். அடுத்த கப்பல் வரைக்கும் இருப்பேனோ என்னவோ. ஒருதடவ வந்து மூஞ்சியக் காட்டு," என்றிருந்தாள்.

பூரணம் ஒன்பதாம் நடைபாதைக்குப் போனாள். முப்பது வருடமாகப் பூச்சு வாங்கும் பவுன்ராஜின் கடை அங்கேதான்.

"அண்ணாச்சி, இருபத்தாறு வயசு கூடணும். கப்பல் வாரதுக்குள்ள, ரெண்டே மாசத்துல."

"இருபத்தாறா? இருபது ஏத்தித் தாரேன்."

"இருபத வச்சு நான் என்ன செய்ய? கப்பல்ல ஏத்த மாட்டானே."

"சரி, பழகின முகம். இருபத்தெட்டாவே தாரேன். ரெண்டு கொசுறு."

பூரணம் புது டப்பாவுக்குக் கையை நீட்டினாள். பவுன்ராஜ் ஒன்றும் எடுக்கவில்லை. "உங்க வீட்ல இருக்கதே போதும். கதிர்த்தடுப்ப மறந்துருங்க. ரெட்டினாலையும் அமிலத்தையும் ஒண்ணாக் குழைச்சு மூணு வேளையும் போடுங்க. ஈரங்காப்பான் பக்கம் தலைவச்சும் படுக்காதீங்க. சரக்கு அதேதான், சேர்க்கதுதான் வேற."

"அப்ப உங்களுக்கு என்ன லாபம்?"

"கப்பல்ல ஏழு மாசம் சும்மாவா இருப்பீங்க?" என்று சிரித்தார்.

இரண்டு மாதத்தில் முகம் உரிந்தது, சிவந்தது, சுருங்கியது. "அறுபத்திரண்டு," என்றது தோல்மானி. சீட்டை வாங்கியபோது சிரித்த பூரணம், வீட்டுக் கண்ணாடியைப் பார்த்து அழுதாள்.

கப்பலேறிய மூன்றாம் நாளே யோசனை வந்துவிட்டது. முப்பது வருடம் கழித்துப் பார்க்கிறவள் இந்த முகத்தையா பார்க்க வேண்டும்? அக்காவே கிழடாகிப் போனேன் என்று நொந்து கிடக்கிறாள். தங்கச்சியும் இப்படி வந்து நின்றால் உடைந்துவிட மாட்டாளா? பவுன்ராஜிடம் கட்டி வாங்கி வந்திருந்த ஏழு டப்பாவும் வெளியே வந்தன. அக்காவுக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டாள். மெல்லியது முதலில், கெட்டியானது கடைசியில்.

பூமியில் இறங்கியதும், விண்கலத் துறைமுக வாசலில் நின்ற காவல் எந்திரம் அவள் முகத்தை வாசித்தது. "வயது முப்பத்து நான்கு. சீட்டில் அறுபத்திரண்டு. ஆள்மாறாட்டம்."

உறவுக்காரர் வந்து அடையாளம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வந்த கப்பலிலேயே திரும்ப வேண்டுமாம். வெளியே காத்திருந்த வடிவைக் கூப்பிட்டார்கள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவளுக்கு முப்பதுகூட இருக்காது. பூரணம் அவளைத் தாண்டி, பின்னால் அக்கா வருகிறாளா என்று எட்டிப் பார்த்தாள். வந்தவளும் பூரணத்தைத் தாண்டி எட்டிப் பார்த்தாள்.

"எங்க என் தங்கச்சி?"

"இவர்தான்," என்றது எந்திரம்.

"இவளா? இது யாரோ சின்னப் பிள்ளல்லா!"

"அக்காவுக்கு இருபத்தொன்பது, தங்கைக்கு முப்பத்து நான்கு. உறவு பொருந்தவில்லை." எந்திரத்தின் கை கப்பல் பக்கம் நீண்டது.

 தெருப் பெயர், அம்மா பெயர் என்று சொல்லப் பூரணத்துக்கு எவ்வளவோ இருந்தது. கண்தான் எதிரில் இருந்த கன்னத்தை விட்டு நகர மறுத்தது. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு புள்ளி இல்லை. தன்னைவிட ஐந்து வயது குறைவாம்!

"எதுக்கு மேல எத போடுதீங்க?" என்று கேட்டேவிட்டாள்.

எதிரில் நின்றவள் முகவாயைத் தூக்கினாள். "சொல்ல மாட்டேன்."

அந்தத் தூக்கல்! பள்ளிக்கூட நாளில், பவுடர் டப்பாவை ஒளித்துவைத்துவிட்டு எங்கே என்று கேட்டால் இதே தூக்கல், இதே பதில்.

"யக்கா! இன்னமும் அரிசி டிரம்முக்குள்ளதான் ஒளிச்சு வைக்கியா?"

"ஏட்டி பூரணம்!" வடிவின் குரல் உடைந்தது. "முப்பது வருசம் கழிச்சு வார, நான் கெழவியா நின்னா மனசு விட்டுருவியேன்னு... நீ அங்க கப்பல் ஏறின நாள்லயிருந்து, இந்த ஏழு மாசமாப் பூசுதேன்டி!"

எந்திரம் ஒரு கணம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.  "டப்பா ஒளித்த இடம் பொருந்துகிறது. உறவு உறுதி," என்று சொல்லி, நடுவிலிருந்து விலகிக்கொண்டது.

இருவரும் கைகளை விரித்துக்கொண்டு ஓடினார்கள். கடைசி அடியில் இருவருமே சட்டென்று நின்றார்கள். மேல்பூச்சு இன்னும் உலரவில்லை. கன்னத்தோடு கன்னம் பட்டால் அடுக்கு கலைந்துவிடும். கைகளை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டு, ஒரு சாண் தள்ளி நின்று அழுதார்கள், கண்ணீர் கன்னத்தில் இறங்கிவிடாதபடி முகத்தை வானத்தைப் பார்க்கத் தூக்கிக்கொண்டு.