நேர்ச்சைக் கப்பலின் சாய்வு

நான்காம் நாள் காலை ஆர்மேல் கேரே கொண்டுவந்து வைத்த காப்பியில் சர்க்கரைக்குப் பதில் உப்பு இருந்தது. ஃபிர்மேன் ஒரு வாய் குடித்துவிட்டு ஜன்னல் பக்கம் ஓடினார். அவருடைய அக்கா ஓடில் வோக்லேன் இரண்டாவது வாயையும் குடித்துவிட்டுத்தான் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உக்காருங்க ஆர்மேல். என்ன நடந்துச்சு?"

ஓடில் முப்பத்தைந்து வருடம் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர். பிறர் சொல்லும் பொய்களை ஒரு வார்த்தை விடாமல் எழுதி எழுதியே அவருக்குக் காது கூர்மையாகிவிட்டது. தம்பி ஃபிர்மேன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வயது அறுபத்திரண்டு ஆனாலும் அக்காவுக்கு அவர் இன்னும் 'டா'தான். வருடந்தோறும் ஜூன் மாதம் இருவரும் பிரான்சின் பிரெத்தாஞ் கடற்கரையில் ஏதாவது ஒரு ஊரில் அறை எடுத்து, அங்கே உள்ள கோயில்களையும் மியூசியங்களையும் ஒன்று விடாமல் பார்ப்பார்கள். கடலில் கால் நனைப்பது மட்டும் கிடையாது. இந்த வருடம் போர்-கெரெல். அறை, ஆர்மேலுடைய வீட்டு மாடி. ஊரின் மாதா கோயிலைப் பெருக்கிப் பூட்டும் கோயில்பிள்ளையும் அந்த அம்மாள்தான்.

ஆர்மேல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள கோயில் சாவியக் குடுத்துடணுமாம். பங்குச் சாமியார் சொல்லிட்டார். அப்புறம் போலீஸ் கேஸு. நேர்ச்சைக் கப்பலை நான் வித்துத் தின்னுட்டேனாம்."

அழாமல் சொன்னாள். அது கேட்பதற்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கதை இதுதான். நூற்றெழுபது வருடத்துக்கு முன்னால், புயலில் உயிர் தப்பிய மாலுமிகள் நேர்ந்துகொண்டபடி ஒரு கை நீளத்துக்கு மரக்கப்பல் செய்து, கோயிலின் நடுவில் கயிற்றில் தொங்கவிட்டார்கள். போன குளிர்காலம் முழுக்க அதை ஊர் மியூசியம் கண்காட்சிக்கு இரவல் வாங்கியிருந்தது. ஈஸ்டர் முடிந்ததும் திருப்பிக் கொண்டுவந்து மாட்டினார்கள். பெற்றுக்கொண்டதாக ஆர்மேல் கையெழுத்துப் போட்டாள். மாதத்துக்கு ஒரு பூசைதான் என்பதால் அப்புறம் அதை யாரும் கவனிக்கவில்லை. இந்தச் செவ்வாய்க்கிழமை, கடல் ஆசீர்வாதத் திருநாளுக்கு ஏற்பாடு செய்யவந்த சாமியார் கப்பல் ஒருபக்கம் சாய்ந்திருப்பதைப் பார்த்துக் கயிற்றைச் சரிசெய்யப் பக்கத்து ஊர்த் தச்சனைக் கூப்பிட்டார். இறக்கிப் பார்த்தால், மேல்தளத்துக்கு அடியில் இந்தக் காலத்துக் கடை ஸ்க்ரூ! கப்பல் போலி.

"மியூசியத்துல அசல்தான் குடுத்தோம், இந்தா கையெழுத்துங்கறாங்க. சாவி என்கிட்ட மட்டும்தான் இருக்கு. போதாக்குறைக்கு என் கொழுந்தன் லுடோவிக் துறைமுகத்துல பொம்மைக் கப்பல் செஞ்சு விக்கறான். வேறென்ன வேணும் அவங்களுக்கு?"

"தினமும் அதுக்கு அடியிலதானே பெருக்குறீங்க? ஆள் மாறாட்டம் மாதிரி கப்பல் மாறாட்டம் நடந்திருக்கு, தெரியலையா?" என்றார் ஃபிர்மேன்.

"தெரியல," என்றாள் ஆர்மேல். உப்புக் காப்பிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஓடில் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தொப்பியை எடுத்தார்.

கோயில் வாசலில் லுடோவிக் சாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். எண்ணெய்க் கறை படிந்த நீலச் சட்டை, சிவந்த முகம்.

"எங்க தாத்தனுக்குத் தாத்தன் செஞ்ச கப்பல் சாமி அது! போலியக்கூட ஒரு தடவ காட்ட மாட்டேங்கறீங்க!"

"போலீஸ் சார்ஜன்ட் உன்னை விடக்கூடாதுன்னு சொல்லியிருக்கார்ப்பா," என்றார் சாமியார். இருபத்திரண்டு கோயில்களுக்கு அவர் ஒருவர்தான். இந்தப் பங்குக்கு வந்தே இரண்டு வருடம்தான் ஆகிறது. எங்கேயும் உட்கார நேரம் இல்லாத மனிதர்.

"லுடோவிக், ஒரு மரக்கப்பல் செய்யணும்னா முதல்ல என்ன பாப்பீங்க?" என்று கேட்டார் ஓடில்.

"வாங்கறவங்களக் கேப்பேன். அலமாரியில வைக்கவா, தொங்கவிடவா? அது தெரியாம ஒரு சீவல்கூட சீவ மாட்டேன்."

ஓடில் நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனார். பீடத்துக்குப் பின்னால் இருந்த அறையில், தலையணைமேல் கிடந்தது போலிக் கப்பல். வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. வலப்பக்கம் பதினான்கு பீரங்கிகள், எல்லாம் பித்தளை. இடப்பக்கமும் பதினான்கு, ஆனால் மரத்தில் செய்து மஞ்சள் பூசியவை.

"பாதியில காசு தீந்துபோச்சு போல," என்று சிரித்தார் ஃபிர்மேன்.

"அசல்லயும் அப்படித்தான்," என்றார் சாமியார். "மியூசியம் போட்ட புத்தகத்துல படம் இருக்கு."

ஓடில் கப்பலைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது.

மியூசியம் பழைய சுங்க அலுவலகத்தில் இருந்தது. கடல் ஓவியங்கள் நிறைந்த மூன்று அறைகளை ஃபிர்மேன் மூன்று நிமிடத்தில் பார்த்து முடித்தார். நான்காவது அறையில் கப்பலின் பெரிய புகைப்படம் ஒன்றும், அதன் கீழே, கப்பல் உட்கார்ந்திருந்த மரத்தாங்கியும் அப்படியே இருந்தன. வயிற்றின் கீழ்ப்பாதி அச்சாகப் பொருந்துகிற மாதிரி தொட்டி போல் குடைந்து, உள்ளே பச்சைக் கம்பளித்துணி ஒட்டியிருந்தது.

தொடக்கூடாது என்று எழுதிய அட்டையைப் படித்துவிட்டு ஓடில் தொட்டார். நடுக்கோட்டுக்கு இடப்பக்கம், கோழிமுட்டை அளவுக்கு ஒரு குழி தனியாக இருந்தது.

"அக்கா, யாரோ வராங்க," என்று ஃபிர்மேன் முணுமுணுத்தார்.

வந்தவர் மியூசிய இயக்குநர் மதாம் லொர்மியே. வெள்ளைக் கோட்டு, வெள்ளிச் சங்கிலி, விருந்தாளிகளுக்கென்றே வைத்திருக்கும் ஒரு சிரிப்பு. ஆர்மேலுக்காக ரொம்ப வருத்தப்பட்டார்.

"ஏழ்மை என்ன வேணா செய்ய வைக்கும், பாவம்."

"தாங்கிய யாரு செஞ்சது? பிரமாதமா இருக்கே," என்றார் ஓடில்.

"அமோரின்னு ஒரு பையன். கப்பலை அதுல உக்கார வெச்சுட்டுதான் என்னக் கூப்பிட்டுக் காட்டினான். ஜனவரியிலயே வேலைய விட்டுப் போயிட்டான். அதனால திருப்பி அனுப்பறப்போ யாரையும் தொட விடல. நானே பஞ்சு சுத்தி, நானே பெட்டியில வெச்சு, நானே கூடப் போனேன்."

"அந்தக் கப்பல் மாதிரி ஒண்ணு எனக்கும் கிடைக்குமா மதாம்?" என்றார் ஃபிர்மேன் ஆசையோடு. "வீட்டுல டிவி மேல வைக்கலாம்."

"ஒரே ஒரு நகல் செய்யச் சொன்னோம். பெல்ஜியத்துல, ஆன்வெர்ஸ்ல ஒருத்தர் கேட்டுட்டார். பெட்டி கட்டியாச்சு, திங்கக்கிழமை போயிடும்."

வெளியே போகும் வழியில் சுவரில் ஒரு செய்தித்தாள் துண்டு சட்டம் போட்டு மாட்டியிருந்தது. கப்பலைத் திருப்பி மாட்டிய அன்று எடுத்த படம். மதாம் லொர்மியே சிரிக்கிறார். தலைக்கு மேலே கப்பல்.

"கப்பல் கொஞ்சம் சரக்கு அடிச்சிருக்கு போலயே," என்றார் ஃபிர்மேன்.

ஓடில் கையிலிருந்த வழிகாட்டிப் புத்தகத்தின் ஓரத்தைப் படத்தில் இருந்த தூணோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். தூண் நேராக இருந்தது. பாய்மரம் வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

"ஃபிர்மேன், இன்னைக்கு உனக்கு ரெண்டு கிரெப் தோசை வாங்கித் தரேன்டா."

ஓடில் சார்ஜன்டிடம் கேட்டுக்கொண்டபடி, சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கோயிலில் எல்லோரும் கூடினார்கள். சார்ஜன்ட் பெல்வேர், சாமியார், மதாம் லொர்மியே, லுடோவிக். ஆர்மேல் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு கடைசித் தூணருகே நின்றாள். போலிக் கப்பலைப் பழைய இடத்திலேயே தொங்கவிடச் சொல்லியிருந்தார் ஓடில். அது வலப்பக்கம் சாய்ந்து தொங்கியது.

"கயிறு சரியாத்தான் இருக்கு," என்றான் லுடோவிக், பார்த்த மாத்திரத்தில். "ஈயம் எங்க? அடியில ஈயக் கட்டி இருக்கணுமே!"

"அதைத்தான் கேக்க நினைச்சேன்," என்றார் ஓடில். "எதுக்கு ஈயம்?"

"ஒரு பக்கம் பித்தளை, ஒரு பக்கம் மரம்னா கப்பல் சாயாதா? அதுக்குத்தான் இடப்பக்கம் அடியில ஈயம் அடிச்சிருந்தாங்க. கைக்குழந்தையா ஞானஸ்நானத் தொட்டியில கிடந்தப்போலேர்ந்தே நாங்க அண்ணாந்து பாத்தது அதைத்தானே."

ஓடில் கேட்டபடி அவன் பையிலிருந்து ஒரு தூண்டில் ஈயத்தை எடுத்து, ஏணியில் ஏறி, கப்பலின் அடியில் இடப்பக்கம் கட்டினான். கப்பல் ஒருமுறை ஆடி, நேராக நின்றது.

"இந்த நகலைச் செஞ்சவருக்குக் குறை தெரிஞ்சிருக்கு, அதுக்குச் செஞ்ச வைத்தியம் தெரியல," என்றார் ஓடில். "அப்படின்னா அவருக்குக் கிடைச்ச படங்கள் தாங்கியில உக்காந்திருந்தப்போ எடுத்தது. கோயில்ல கப்பலை அடியிலிருந்துதான் பாக்க முடியும். முதல்ல தெரியறது ஈயம்தான். மியூசியத்துல மேல, பக்கவாட்டுலன்னு எல்லாம் தெரியும். அடி மட்டும் தெரியாது. லுடோவிக் செஞ்சிருந்தா ஈயத்தை மறந்திருக்கவே மாட்டார். அமோரியும் மறக்க மாட்டார். அந்த ஈயத்துக்குன்னே தாங்கியில தனியா ஒரு குழி குடைஞ்சவர். சார்ஜன்ட் நேத்து அவர்கிட்ட போன்ல பேசிட்டார்."

"பேசினேன். குழி ஈயத்துக்குத்தான்னார்," என்றார் சார்ஜன்ட்.

"புத்தகத்துல இருந்த படத்தைப் பாத்து யார் வேணா செய்யலாமே!" என்றார் மதாம் லொர்மியே. "செஞ்சு, ஈஸ்டருக்கு அப்புறம், சாவிய வெச்சுத் திறந்து மாத்தியிருக்கலாம்."

"செய்யலாம். ஆனா நீங்க சட்டம் போட்டு மாட்டியிருக்கற படத்துல, திருப்பித் தந்த அன்னைக்கே கப்பல் சாஞ்சிருக்கு. அசல் சாயாது. அதனால இங்க வந்ததே போலிதான். பெட்டியில வெச்சது யாருன்னு நீங்களே சொன்னீங்க. தூக்கறப்போ ஈயம் உங்க கண்ணுல பட்டிருக்கும். எதுக்குன்னு புரிஞ்சிருக்காது. மியூசியத்துல எல்லாம் உக்காந்திருக்கும்; இது தொங்கற கப்பல்."

மதாம் லொர்மியேயின் விருந்தாளிச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. ஆனாலும் அவர் விடவில்லை. "அன்னைக்கே சாஞ்சிருந்தா இந்த அம்மா ஏன் வாயத் திறக்கல? ரெண்டு மாசமா தினமும் இதுக்கு அடியில பெருக்குறாங்க! பங்கு இருந்துச்சு, அதான் பேசல!"

எல்லோரும் ஆர்மேலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் மேல பாக்கறதில்ல," என்றாள் ஆர்மேல்.

விளக்குமாற்றை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"பதினொரு வருஷம் ஆச்சு. என் பையன் மீன் பிடிக்கப் போன போட்டு திரும்பி வரல. மூணு நாள் இங்கேயே, இந்தக் கப்பலப் பாத்துக்கிட்டே மண்டி போட்டுக் கெடந்தேன். நாலாவது நாள் பலகை மட்டும் கரை ஒதுங்குச்சு. அதுலேர்ந்து தரையப் பாத்துப் பெருக்குவேன், மெழுகுவத்தி மாத்துவேன், கதவப் பூட்டுவேன். மேல மட்டும் பாக்க மாட்டேன். நேரா தொங்கினா என்ன, சாஞ்சு தொங்கினா என்ன எனக்கு?"

"அண்ணி..." என்றான் லுடோவிக். அவனுக்கே இது தெரியாது.

அங்கே இருந்த யாருக்கும் அதன்பிறகு சந்தேகம் இல்லை. சார்ஜன்ட் மதாம் லொர்மியேயை வெளியே அழைத்துப் போனார். ஆன்வெர்ஸ் போகவேண்டிய பெட்டியைப் பன்னிரண்டு மணிக்குள் உடைத்தார்கள். 'நகல்' என்று சீட்டு ஒட்டியிருந்த பெட்டிக்குள் இருந்த கப்பலின் அடியில், இடப்பக்கம், கோழிமுட்டை அளவு ஈயம் இருந்தது. அசலை நகல் என்று சொல்லி அனுப்பினால் யாரும் ஒரு கேள்வியும் கேட்கமாட்டார்கள். நல்ல யோசனைதான், ஓடிலே ஒப்புக்கொண்டார்.

ஆனால் அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. "அந்தக் கேள்வி வரும்னு எனக்குத் தெரியும்டா," என்றார் தம்பியிடம். "அத்தனை பேர் முன்னாடி அவளைச் சொல்ல வெச்சிருக்கக் கூடாது. முன்னாடியே தனியா கேட்டிருக்கணும்."

அக்கா தன் தப்பைத் தானே சொல்லி ஃபிர்மேன் இதுவரை கேட்டதில்லை. அவர் ஏணியை மடித்தார்.

காலையில் ஆர்மேல் ஒப்படைத்திருந்த சாவியைச் சாமியார் கொண்டுவந்து அவள் கையிலேயே கொடுத்தார். மன்னிப்பும் கேட்டார். அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சாவியக் கேட்டீங்க சாமி, சரி. அதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

சாமியார் தலை குனிந்தார். அடுத்த ஊரில் அவர் நடத்திவைக்க வேண்டிய ஒரு திருமணம் காத்திருந்தது. உடனே காரில் கிளம்பினால்தான் போய்ச்சேர முடியும். அவர் போகவில்லை. ஆர்மேல் நின்ற தூணுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நாளைக்குக் கடல்ல போனவங்க பேரெல்லாம் படிப்பேன். உங்க பையன் பேரு அந்தப் பட்டியல்ல இல்ல."

"எழுத விடல நான்."

"என்ன பேரு?"

ஆர்மேல் விளக்குமாற்றைத் தூணில் சாய்த்து வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எர்வான்," என்றாள். "எர்வான் கேரே. இருபத்திநாலு வயசு. எழுதிக்கோங்க."