அமுங்கும் பை

லாரி டிரைவர் நல்ல வாட்டசாட்டமான ஆள். ஆனால் பூனைக்கூடையைக் கைக்குழந்தையைக் கிடத்துவதுபோல் மேசைமேல் வைத்தார். உள்ளேயிருந்து கர்... கர்... என்று இழுப்புச் சத்தம்.

"எத்தனை நாளா இப்படி?" டாக்டரம்மா கேட்டாள்.

"என் சம்சாரம் போனதுலேர்ந்து. கடைசி நேரத்துல அவ நெஞ்சுமேலதான் இது படுத்திருந்துச்சு. அவளுக்கும் இப்படியேதான் இழுத்துச்சு, நெஞ்சுல தைலம் தேய்ச்சுக்கிட்டே கிடப்பா." கூடையின் மூடியைத் தடவினார். "எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான் டாக்டரம்மா."

பஞ்சிழை ஒன்றைப் பூனையின் மூக்கருகே பிடித்தாள். இடப்பக்கம் மூச்சில் அசைந்தது. வலப்பக்கம் துளிகூட அசையவில்லை.

"உள்ள சதை வளர்ந்திருக்குண்ணா. மயக்கம் குடுத்து எடுத்துடலாம். வெளிய உக்காருங்க."

கம்பவுண்டர் அன்றைக்குப் பார்த்து லீவு. தனியாளாகத்தான் பார்த்தாக வேண்டும். தொண்டையில் குழாயைச் செருகி மயக்க இயந்திரத்தோடு இணைத்தாள். பூனை மூச்சு விட விட, இயந்திரத்தில் தொங்கிய ரப்பர் பை உப்பியது, சுருங்கியது. உள்நாக்குப் பக்கம் கொக்கி போட்டு இழுத்தாள். பட்டாணி அளவில் ஒரு கட்டி. இடுக்கியால் திருகி எடுத்ததும் ரத்தம் பொங்கியது. இரண்டு கையாலும் பஞ்சை வைத்து அழுத்தினாள்.

பை நின்றது.

பூனையின் நெஞ்சும் நின்றது.

பையை அமுக்கினால்தான் உயிர் தங்கும். கையை எடுத்தாலோ ரத்தம் நிற்காது.

பை தானாக அமுங்கியது.

ரப்பரில் நான்கு விரல் பதிந்த பள்ளம். அறை முழுக்க நெஞ்சில் தேய்க்கும் தைலத்தின் வாடை.

அமுங்கியது. விட்டது. அமுங்கியது. பூனையின் நெஞ்சு ஏறி இறங்கியது.

ரத்தம் நின்றது. மயக்க மருந்தை அடைத்தாள். பூனை கண்ணைத் திறந்து, பைக்குப் பக்கத்தில் ஆளில்லாத இடத்தையே பார்த்தது.

டிரைவரின் மனைவிதான் என்று அவளுக்குப் புரிந்தது. "போதும் அண்ணி," என்று கிசுகிசுத்தாள். "விடுங்க. இனிமே அதுவே மூச்சு விடும்."

பள்ளம் மறைந்தது.

நெஞ்சு அசையவில்லை.

பாய்ந்து பையைப் பிடித்து அவளே அமுக்கினாள். பை சுருங்கியது, ஆனால் நெஞ்சு எழவில்லை. மறுபடி அமுக்கினாள். ஊஹூம்.

"அண்ணி... நீங்களே அமுக்குங்க."

சில்லென்று நான்கு விரல்கள் அவள் கைமேல் படிந்தன. நெஞ்சு ஏறியது.

கதவுக்கு வெளியே டிரைவரின் குரல் கேட்டது. "டாக்டரம்மா, எப்ப வீட்டுக்குத் தூக்கிட்டுப் போலாம்?"

அவள் கையை எடுக்கப் பார்த்தாள்.

மேலிருந்த விரல்கள் விடவில்லை.