தூரத்துப் பந்து

“என்ன... ரொம்ப நேரமா இப்படியே பாத்துக்கிட்டு இருக்கீங்க? பொண்ணையே பாத்தது இல்லையா?”

பேருந்து நிறுத்தத்தின் தகரக் கூரைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலையும் மீறி அவளுடைய குரல் தெளிவாக ஒலித்தது. கூரையின் மறுகோடியில் நின்றிருந்த நெடிய இளைஞன் திடுக்கிட்டான். தோளில் ஒரு பெரிய பை. நெற்றியில் ஒட்டிய ஈர முடி. கறுகறுவென்ற இமைகளைச் சுருக்கி, தலையைச் சற்றே சாய்த்து, அவன் அவள் இருந்த திசையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஐயோ, உங்களை இல்லைங்க! உங்க தலைக்குப் பின்னாடி இருக்கற போர்டை... எந்த பஸ்ஸுன்னு...”

“ஓ! அப்ப நான் மறைச்சுக்கிட்டு நிக்கறேனா?”

“அப்படிச் சொல்லலைங்க. மறைச்சாலும் பரவாயில்லைன்னு...”

“என்னது?”

“ஒண்ணும் இல்லைங்க.”

அவள் விருட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்ன தைரியம்! அப்போது தொலைவில் இரண்டு விளக்குகள் மழையைக் கிழித்துக்கொண்டு வந்தன. அவன் சாலையோரத்துக்கு ஓடிப்போய்க் கையை உயர்த்தினான். வண்டி நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார்.

“எங்கப்பா போகணும்? குப்பைக் கிடங்குக்கா?”

அது குப்பை லாரி.

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்து முடிக்கும் முன்பே சுரீர் என்று ஒன்று உறைத்தது. சுருங்கிய இமைகள், சாய்ந்த தலை, பஸ்ஸுக்கும் லாரிக்கும் வேறுபாடு தெரியாத கண்கள்... பகல் முழுவதும் ஊராருடைய கண்களைச் சோதிப்பதே அவளுடைய தொழில். அவள் போய் கிட்டப்பார்வையைக் கெட்ட பார்வை என்று நினைத்துவிட்டாளே!

மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவளுடைய பேருந்து வந்துவிட்டது. ஓடி ஏறினாள். குடை மட்டும் நிறுத்தத்திலேயே தங்கிவிட்டது.

மறுநாள் மதியம் அந்தக் குடை, அவள் வேலை செய்யும் கண்ணாடிக் கடைக்கு வந்து சேர்ந்தது. அதைப் பிடித்திருந்தவன் வாசற்படியில் தலை இடிக்காமலிருக்கக் குனிந்தான்.

“குடையில கடைப் பேரு போட்டிருந்துச்சு. கிட்டத்துல இருக்கறதெல்லாம் எனக்கு நல்லாவே தெரியும்.”

“தூரத்துல இருக்கறது?”

“அதுவும்தான்.”

“லாரிகூடவா?”

அவனுடைய காதுகள் சிவந்தன. சிவந்த காதுகளோடு நிற்கும் அவ்வளவு உயரமான ஆண்பிள்ளையை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை. “உக்காருங்க, பாத்துடலாம்” என்று உள்ளறையில் இருந்த நாற்காலியைக் காட்டினாள். அவன் தயங்கித் தயங்கி அமர்ந்தான். அவள் சுவரிலிருந்த எழுத்து அட்டையை நோக்கித் திரும்பினாள்.

“கடைசி வரி படிங்க.”

“ட, ம, க, ப, ர!” மிடுக்காக வந்தது பதில்.

“நான் இன்னும் லைட்டே போடலையே...”

எல்லா இடங்களிலும் ஒரே அட்டைதான் மாட்டியிருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். அந்த வரியை அவன் எங்கே மனப்பாடம் செய்தான் என்பதுதான் தெரியவில்லை. நெட்டை நெடுமரமாக வளர்ந்தவன் பள்ளிப் பிள்ளையைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

அவன் நகரக் கால்பந்துக் கழகத்தின் கோல்கீப்பர். சேர்ந்த நாள்முதல் பெஞ்சில் அமர்ந்திருந்தவன். மூத்த கீப்பருக்கு விரல் முறிந்ததால் அண்மையில்தான் வலைக்கு முன்னால் நிற்கும் பேறு கிடைத்திருந்தது. கழகத்தில் சேரும்போது நடந்த மருத்துவச் சோதனையில், வரிசையில் தனக்கு முன்னால் நின்றவர்கள் படித்ததைக் காதால் கேட்டே ஒப்பித்துத் தேறிவிட்டான். பகல் ஆட்டங்களில் குறையில்லை. பொழுது சாய்ந்து விளக்கைப் போட்டுவிட்டால் தொலைவில் கிளம்பும் பந்து வெறும் புகைதான். ஆட்டப் பருவம் முடிந்ததும், அவனை வைத்துக்கொள்வதா வழியனுப்புவதா என்று கோச் முடிவு செய்வார்.

“யாருக்குமே தெரியாதா?”

“இப்ப உங்களுக்குத் தெரியும்.”

அந்தச் சொல் அவளை ஏனோ தொட்டது. வட்டக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிச் செருகும் கனமான இரும்புச் சட்டத்தை அவன் மூக்கின்மேல் பொருத்தினாள். ஒன்று, அதற்குமேல் இன்னொன்று... பிறகு அவனை வாசலுக்கு அழைத்துச் சென்று தெருவின் மறுபக்கத்து மரத்தைக் காட்டினாள்.

அவன் மரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

“இலை இலையா இருக்கு” என்றான் கடைசியில். “பச்சையா ஒரு மூட்டை மாதிரிதாங்க இவ்வளவு நாளாப் பாத்தேன். அது... தனித்தனியா ஆடுது.”

திரும்பினான். அவள் உள்ளறைக் கதவருகே போய் எட்ட நின்றிருந்தாள். அவ்வளவு தொலைவிலிருந்து ஒரு முகம் அவனுக்கு முழுதாகத் தெரிந்தது அன்றுதான். அடர்ந்த புருவம். இடக் கன்னத்தில் ஒரு சிறு மச்சம். கண்டிப்பை உதட்டில் வைத்துக்கொண்டு சிரிப்பைக் கண்ணில் ஒளித்திருந்தாள்.

‘இதை நேற்றே பார்த்திருந்தால் பஸ்ஸையே மறந்திருப்பேனே...’

“நேத்து திட்டும்போதும் இப்படித்தான் சிரிச்சுக்கிட்டு இருந்தீங்களா?”

“இல்ல. நேத்து நிஜமாவே திட்டினேன்.”

“ஏய் வாத்தியாரம்மா!” பின்கட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. கண்ணாடி தேய்க்கும் இயந்திரத்தில் வேலை செய்யும் அவளுடைய அண்ணன்தான். கடையும் அவனுடையது; எல்லோரையும் எழுத்துப் படிக்க வைக்கும் தங்கைக்கு அந்தப் பட்டப்பெயரும் அவன் வைத்ததுதான். “யாரும்மா அங்க? பவர் எவ்வளவு வருது?”

கோல்கீப்பர் சட்டென்று நிமிர்ந்தான். “இந்தக் குரலை நான் கேட்டிருக்கேன். வலைக்குப் பின்னாடி நின்னு ‘ஓட்டைக் கை, ஓட்டைக் கை’ன்னு கத்துவாரே... அவரா?”

எட்டிப் பார்த்த அண்ணன், வந்திருப்பது யார் என்று கண்டதும் கையிலிருந்த லென்ஸை நழுவவிட்டான். “தம்பி... அது வந்து... அன்னைக்கு முன்வரிசைக்காரன் ஒருத்தன்...”

“அண்ணா, நீங்கதான் கத்தியிருப்பீங்க. உங்களை எனக்குத் தெரியாதா?” என்றாள் தங்கை.

ஆட்டக்காரன் கண்ணாடி அணிந்துகொண்டு பந்தின்மேல் பாய முடியாது. கான்டாக்ட் லென்ஸ்தான் வழி. பயிற்சி முடிந்த பிற்பகல்களில் அவன் கடைக்கு வந்தான். எதிராளியின் பூட்ஸுக்கு முன்னால் முகத்தைக் கொடுத்துப் பாய்கிறவன், அவளுடைய ஆள்காட்டி விரல் நெருங்கியதும் நாற்காலியோடு பின்வாங்கினான்.

“அசையாதீங்க.”

“நான் அசையலைங்க. நாற்காலிதான்...”

“பந்துக்கு பயப்படாதவர் ஒரு விரலுக்கு பயப்படறதா?”

“பந்து இவ்வளவு கிட்ட வந்து முறைக்காதுங்க.”

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததில் விரல் நடுங்கி, லென்ஸ் அவன் கன்னத்தில் போய் ஒட்டிக்கொண்டது. தன் கையாலேயே மாட்டிக்கொள்ள அவன் கற்றுத் தேறுவதற்குள், அவன் வலக் கண்ணின் பழுப்பில் ஒரு பொன்புள்ளி இருப்பதை அவள் கண்டுபிடித்திருந்தாள். தொழில்முறையில் பார்த்ததுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதையே மறுநாளும் சொல்லிக்கொண்டாள்...

“அவ்வளவுதானே? சனிக்கிழமை விளக்கு வெளிச்சத்துல ஆட்டம். லென்ஸ் பெட்டியைக் குடுத்துட்டீங்கன்னா...” என்றான் அவன் ஒருநாள்.

“குடுக்கறேன். கோச்கிட்டயும் டாக்டர்கிட்டயும் சொல்லிட்டீங்களா?”

அவன் முகம் மாறியது. “எதுக்குச் சொல்லணும்?”

“பந்து வந்து முகத்துல அடிக்கும். கண்ணுக்குள்ள லென்ஸ் இருக்குன்னு தெரியாம டாக்டர் அவர்பாட்டுக்கு ஏதாவது செஞ்சார்னா? கண்ணுங்க அது!”

“சொன்னா அன்னைக்கே மூட்டை கட்டச் சொல்லிடுவாங்க. ஏமாத்திச் சேந்தவன்னு பேராகிடும்.”

“ஏமாத்தித்தானே சேந்தீங்க?”

சொன்ன பிறகுதான், சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவளுக்குத் தோன்றியது. அவன் மெதுவாக எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

“உங்களுக்கு இது கண்ணு. எனக்கு இது சோறு. உங்க பெட்டி உங்ககிட்டயே இருக்கட்டும்.”

“பொய் சொல்றவங்க கண்ணுக்கு நான் பொறுப்பு ஏத்துக்க முடியாது.”

“கேக்கலைங்க.”

குனிய மறந்து வாசற்படியில் தலையை இடித்துக்கொண்டான். தடவிக்கூடப் பார்க்காமல் நடந்தான். அவள் கூப்பிடவில்லை. ‘அவன்தான் திரும்பிப் பார்க்கட்டுமே’ என்று நின்றாள். அவனும், ‘அவள்தான் கூப்பிடட்டுமே’ என்று நடந்திருக்க வேண்டும். தெரு முடியும்வரை அவன் திரும்பவில்லை.

சனிக்கிழமை மாலை, “நானும் வரேன்” என்றாள் அண்ணனிடம்.

“நீயா! பந்து உருண்டையா சதுரமான்னே உனக்குத் தெரியாதே?”

“வரேன்னா வரேன்.”

வலைக்குப் பின்னால் இருந்த படிகளில் இடம் கிடைத்தது. விளக்குகள் எரிந்தன. சாரல் விழுந்தது. மஞ்சள் ஒளியில் மழை நூல் நூலாக இறங்க, அவனுடைய அகன்ற முதுகு மட்டும் அவளுக்குத் தெரிந்தது. அருகில் வந்த பந்துகளைப் புலிபோலப் பாய்ந்து பிடித்தான். கூட்டம் ஆர்ப்பரித்தது. ஆனால் ஆட்டம் மறுகோடிக்கு நகரும்போதெல்லாம் அந்தத் தலை சற்றே சாய்ந்தது... பேருந்து நிறுத்தத்தில் சாய்ந்ததைப் போலவே.

நடுக்கோட்டுக்கு அருகிலிருந்து எதிரணிக்காரன் ஒருவன் ஓங்கி உதைத்தான். மைதானத்தில் அத்தனை பேரும் கண்டார்கள், அவன் ஒருவனைத் தவிர. பந்து தலைக்குமேல் வந்தபிறகே கைகள் உயர்ந்தன. வலை அதிர்ந்தது.

நாற்புறமும் வசவு. அண்ணன் பழக்கத்தில் வாயைத் திறந்தான். பக்கத்தில் கண் கலங்கி நின்ற தங்கையைப் பார்த்தான். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டான்.

இடைவேளை விசில் ஒலித்தது. மற்றவர்கள் உள்ளே ஓட, அவன் மட்டும் கோட்டோரத்தில் நின்ற கோச்சிடம் நேராகப் போனான். ஏதோ சொன்னான். கோச் கத்துவது தெரிந்தது. அவன் தலை குனியாமல் நின்று கேட்டான். பிறகு கையுறைகளைக் கழற்றினான். மறுபாதியில் வலைக்கு முன்னால் வேறொருவன் நின்றான்.

“காயம் ஒண்ணும் படலையே... அவனாவே கேட்டு வெளிய போன மாதிரி இருக்கே!” என்றான் அண்ணன், ஒன்றும் புரியாமல்.

அவளுக்குப் புரிந்தது. தான் அவனிடம் வீசிய சொல் ஒவ்வொன்றும் இப்போது தன்மேலேயே வந்து விழுவதும் புரிந்தது.

திங்கட்கிழமை மதியம் மழை விடாமல் பெய்தது. வாசற்படியில் ஓர் உயரமான உருவம் குனிந்தது.

“பெட்டி... இருக்கா?”

“இருக்கு.” இழுப்பறையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். “கோச் என்ன சொன்னார்?”

“அங்கேயே திட்டினார். உள்ள போய்த் திட்டினார். நேத்து கூப்பிட்டு வச்சும் திட்டினார்.” மூச்சை இழுத்துவிட்டான். “பெரிய டீம்ல இருந்து எடுத்துட்டாங்க. பருவம் முடியறவரைக்கும் ரிசர்வ் டீம்லதான். ‘கண்ணு சரியில்லாததுக்கு இல்ல, பொய் சொன்னதுக்கு’ன்னார். லென்ஸ் போட்டு நின்னு காட்டுன்னார். காட்டினா, வச்சுக்கறதைப் பத்தி யோசிப்பாராம்.”

“என்னாலதானே...”

“இல்லைங்க. அந்த கோல் விழுந்தப்ப எனக்காக வருத்தம் வரலை. முன்னாடி பத்துப் பேரு சேத்துல விழுந்து எழுந்து ஓடிக்கிட்டு இருக்காங்க. என்னை நம்பித்தானே ஓடறாங்க? நான் எதையும் பாக்கவே இல்லைன்னு அவங்களுக்குத் தெரியாதே... அதுக்கப்புறம் அங்க நிக்க முடியலை.”

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். “நான் வந்திருந்தேன்.”

“தெரியும். அவ்வளவு பெரிய கோல் விழுந்தும் உங்க அண்ணன் குரல் கேக்கலை. பக்கத்துல யாரோ இருக்காங்கன்னு நினைச்சேன்.”

அவள் சிரிக்க முயன்றாள். முடியவில்லை. “அன்னைக்கு ஏமாத்தினவர்னு சொன்னேன். தப்பு. நான் சொன்ன விதம் தப்பு. கூப்பிடணும்னு தோணுச்சு... கௌரவம் பாத்துக்கிட்டு நின்னுட்டேன்.”

“நானும் அப்படித்தான் நடந்தேன். தலை வேற வலிச்சுது.”

இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். வெளியே மழை, உள்ளே அவனுடைய இடுங்காத கண்கள். தொலைவில் எதையும் தேடாமல் அவளிடம் மட்டுமே தங்கியிருந்தன.

“ஒண்ணு சொல்லணும்” என்றான். “கோச்கிட்ட சொல்றப்பகூட இவ்வளவு பயம் இல்லை.”

“சொல்லுங்க.”

“ரிசர்வ் கீப்பர்தான். நாளைக்கு என்ன ஆவேன்னு தெரியாது. ஆனா அந்த மரத்தைக் காட்டினீங்க பாருங்க... அன்னைக்கு இருந்து எதைப் பாத்தாலும் உங்ககிட்ட வந்து சொல்லணும்னு தோணுது. காலம் பூராவும் வந்து சொல்லலாமா?”

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். பின்கட்டில் இயந்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது.

“அண்ணா! மெஷினை ஓட்டுங்க!”

“ஓட்டறேன், ஓட்டறேன்... நான் ஒண்ணும் கேக்கலை!” என்றது உள்ளிருந்து ஒரு குரல். “தம்பி, ரிசர்வ் ஆட்டத்துக்கும் நான் வருவேன்!”

இயந்திரம் மீண்டும் கரகரத்தது. அந்தச் சத்தத்தை நம்பி அவள் ஓர் அடி முன்னால் வந்தாள். இன்னும் ஓர் அடி. அவன் சட்டையின் ஈரம் அவள் கையில் பட்டது.

“வந்து சொல்லிட்டுத் திரும்பிப் போகப் போறீங்களா?” என்றாள் மெல்ல. “இங்கேயே இருந்து சொல்லுங்க... எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு.”