கோணல் முகம்

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் பாளையங்கோட்டையில் அந்தப் பழைய அச்சகக் கூடத்து வாசலில் தண்ணீர் டம்ளர்கள் வரிசையாக நிற்கும். ஆளைப் பார்த்து வரைந்து பழக வருகிறவர்கள் கண்ணிலிருந்து சமன்வில்லையைக் கழற்றி, ஆளுக்கொரு டம்ளரில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். முகத்தைப் பார்த்து யாரையும் எடைபோடக் கூடாதென்று சட்டம் போட்டு மாட்டிவிட்ட லென்ஸ் அது. அதன் வழியே பார்த்தால் ஊரில் எல்லார் முகமும் ஒரே வழுவழுப்பு. அதில் வரைய என்ன இருக்கிறது, மண்ணாங்கட்டி!

நடு மேடையில் அமலோற்பவம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள், ஸ்டவ் வெடித்ததில் சுருங்கிப்போன இடது கன்னத்தை வெளிச்சத்துக்குக் காட்டியபடி. இங்கேதான் நாலு பேர் அவளை அவளாகப் பார்க்கிறார்கள். அந்த நன்றிக்கே கால் மரத்துப்போனாலும் அசைய மாட்டாள்.

ஆனால் அவள் வருவது மகள் ஜெனோவாவுக்காக. சட்டத்துக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு வில்லை கண்ணோடு ஒட்டியது, கழற்றவே முடியாது. அம்மாவின் தழும்பை அவள் தொட்டிருக்கிறாள், கண்ணால் கண்டதில்லை. ஓவியத்தில் காட்டலாமென்றால், முகம் என்று தெரிந்ததுமே வில்லை அதையும் செப்பனிட்டுவிடுகிறது.

அன்றும் அம்மாவைக் கூட்டிப்போக வந்த ஜெனோவா படங்களைப் பார்த்துவிட்டு, "எல்லாத்துலயும் அழகா இருக்கம்மா" என்றாள். அமலோற்பவத்துக்கு மனசு விட்டுப்போயிற்று.

குபேந்திரன் தன் படத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். எவ்வளவு பழகியும் அவர் வரைந்தால் மூக்கு காதுப்பக்கம் ஓடிவிடும். "உம்ம படத்துல மூஞ்சி எங்க வே இருக்கு?" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

ஜெனோவா விடாமல் வாங்கி விரித்தாள். விரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"மாமா, இந்தக் கன்னம் ஏன் இப்படிச் சுருங்கிக் கிடக்கு?"

கேலி செய்தவர்களெல்லாம் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். அந்தக் கோணலை முகமென்றே வில்லை கண்டுகொள்ளவில்லை, அதனால் தொடாமல் விட்டிருந்தது.

"அம்மா... நீ இப்படியா இருக்க?"

"இப்படித்தாம்ட்டி. மூக்கு மட்டும் கொஞ்சம் நேரா இருக்கும்."

ஜெனோவா சிரித்தாள், சிரிக்கும்போதே அழுதாள். "நல்லாத்தாம்மா இருக்க."

அமலோற்பவம் கண்ணைத் துடைத்துக்கொண்டு குபேந்திரனைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அண்ணாச்சி, நீங்க நல்லா இருக்கணும். நல்லா வரைய மட்டும் கத்துக்கிடாதீங்க."