ஏழு விரல்

அமராவதி காட்டியது இரண்டு விரல். ஆதிமூலம் ஏழு என்றான்.

நல்ல கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, ஆப்பரேஷன் செய்த இடது கண்ணை மட்டும் திறந்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான் அவள் புருஷன். உப்பளத்து உச்சிவெயில் வாசல் வழியே சுண்ணாம்பாய் உள்ளே கொட்டிக்கொண்டிருக்க, வெளியே பாத்திகளில் உப்பு வாரும் சத்தம் தகரத்தைச் சுரண்டுவதுபோல விடாமல் கேட்டது.

சுனாமிக்கு மறுவருஷக் கோடை அது. உப்பு வாரும் பலகையிலிருந்து துருப்பிடித்த ஆணி தெறித்து அவன் கண்ணில் குத்தியபோது, லாரி லோடு முடியட்டும் என்று ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் நிறுத்தி வைத்தவள் அமராவதிதான். நாலு நாள் நந்தியாவட்டைச் சாறு பிழிந்தாள். ஐந்தாம் நாள் கண்ணுக்குள் சீழ். புதுச்சேரி டாக்டர் சீழை எடுத்துவிட்டு அவளைத்தான் பார்த்தார்.

"எது குத்துச்சு, எவ்ளோ ஆழம், என்ன கிருமி, எல்லாத்தையும் பொறுத்துதாம்மா பார்வை. ஆனா நாலு நாள் விட்டுட்டீங்களே, அதுதான் பெருசு. தினமும் விரலக் காட்டி எண்ணச் சொல்லுங்க."

அன்றிலிருந்து அவன் அவளிடம் வேறெதுவும் பேசியதில்லை. முதலில் வெளிச்சம் என்றான். அப்புறம் கை ஆடுது என்றான். இன்றைக்கு ஏழு.

"சரியா பாருய்யா. ரெண்டுதான்."

"உன்னுது ரெண்டு. பின்னாடி நிக்கிறதோடது அஞ்சு."

அவள் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடம்கூட இல்லை.

"நாலு நாளா தெரியுது," என்றான்.

"ஏன்யா சொல்லல?"

"நீயும்தான் நாலு நாளு பொறுத்துக்கச் சொன்ன."

வெளியே சுரண்டல் நின்றது. காதோரம் ஈர உப்பின் வாடை. சேற்று வாடை.

"கையை எடுய்யா... நல்ல கண்ணால பாரு!"

அவன் எடுக்கவில்லை.

"மடக்குது," என்றான். "நாலு. மூணு."

அவள் திரும்ப நினைத்தாள். கழுத்து அசையவில்லை.

"ரெண்டு."

கன்னத்தில் சில்லென்று ஏதோ பட்டது. சொரசொரப்பாய். மேலே ஏறியது.

"இப்ப ஒண்ணுதான் நீட்டியிருக்குது."

அவள் இடது இமை விரிந்தது. சொட்டு மருந்து விடுவதற்கு விரிப்பதுபோல, மெதுவாக.

ஆதிமூலம் நல்ல கண்ணை இன்னும் இறுக்கிப் பொத்தினான். மற்றதால், இமைக்காமல், பார்த்துக்கொண்டிருந்தான்.