துரு எண் பதினொன்று

நாற்பது மீட்டர் உயரத்தில், கிரேனில் கன்டெய்னர் தொங்கிக்கொண்டிருக்கும்போது, சுடலைவடிவுக்கு உடம்பு மறுபடியும் தீப்பிடித்தது. கழுத்தில் கிளம்பி உச்சந்தலைக்கு ஏறும் அதே சூடு. கை வழுக்கியது. கீழே ஆட்கள் நின்றார்கள். மணிக்கட்டில் கட்டியிருந்த துருமானியோ பச்சை விளக்கைக் காட்டிப் பல்லிளித்தது: பதினொன்று.

"பதினொண்ணாம்! எரியுதது எனக்குல்லா தெரியும், சனியனே!" என்று வைதபடி கன்டெய்னரை எப்படியோ இறக்கி வைத்தாள்.

அவளுக்கு ஐம்பத்துநாலு வயசு. மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் வற்றிப்போகும். அது காத்துவந்த உயிரணுக்களை ஆக்சிஜனே அரிக்க ஆரம்பிக்கும், இரும்பைத் துரு அரிக்கிற மாதிரி. அதைத் தடுக்கத்தான் தோளில் ஹார்மோன் மருந்து விடும் ஒட்டு. துருமானி தோலுக்குள் ஒளி பாய்ச்சி, துருவை எதிர்க்கும் மஞ்சள் நிறப் பொருட்கள் எவ்வளவு இருக்கின்றன என்று பார்த்து எண் சொல்லும்; மஞ்சள் குறையக் குறைய எண் ஏறும். எண் ஏறினால் ஒட்டு மருந்தைக் கூட்டும், இறங்கினால் குறைக்கும். முப்பதைத் தாண்டினால் கிரேன் உரிமம் போச்சு. இதைக் கண்டுபிடித்த புண்ணியவான்கள் எல்லாவற்றையும் யோசித்தார்கள், நம் ஊர் வெள்ளிக்கிழமையை மட்டும் யோசிக்கவில்லை.

வெள்ளிதோறும் வடிவு மஞ்சள் பூசிக் குளிப்பாள். துருமானி அதையும் உடம்பின் மஞ்சளாக எண்ணிக்கொள்ள, அன்றைக்கு இருபத்தாறு சட்டென்று இருபதாகிவிடும். உரிமப் பரிசோதனை நெருங்கிய வாரம் எண் இருபத்தொன்பதைத் தொட்டது. விட முடியுமா? ஆம்பிளைகளோடு பன்னிரண்டு வருஷம் மல்லுக்கட்டி வாங்கிய இருக்கை அல்லவா? அன்றிலிருந்து தினமும் குண்டு மஞ்சளை உரசி மணிக்கட்டில் பூசினாள். பரிசோதனையில் தேறினாள், பிறகும் பூசுவதை நிறுத்தவில்லை. ஆனால் தோள் ஒட்டு, இவளுக்கு மருந்தே தேவையில்லை என்று முடிவுகட்டி, மூன்று மாதமாக ஒரு சொட்டுகூட விடவில்லை. தூக்கம் போனது. ஓரிடத்தில் உட்கார முடியாத படபடப்பு வந்தது.

இன்றைக்குக் கை இன்னும் கொஞ்சம் வழுக்கியிருந்தால் யாராவது செத்திருப்பார்கள். வடிவு வேலையைப் பாதியில் விட்டு, துறைமுக மருத்துவர் ஜெஸிந்தாவிடம் போய் நின்றாள்.

"டாக்டரம்மா, மஞ்சளப் பூசி ஏமாத்திட்டேன். கழுவிடுதேன். மருந்து ஏறட்டும். திட்டணும்னா திட்டுங்க."

ஜெஸிந்தா திட்டவில்லை. "கழுவி, மருந்தும் ஏறினா உங்க எண் என்ன வரும்?"

"இருபத்தாறு. முன்ன அதானே. அப்ப கையி ஆடாம நின்னுச்சு."

"வரம்பு இப்ப முப்பது இல்லம்மா. பதினெட்டு."

"ஐயய்யோ! எப்பருந்து?"

"முந்தாநாள்லருந்து. துருமானிகளே எல்லாரோட சராசரியையும் பாத்து வரம்பு வைக்குது. இங்க கிரேன் ஓட்டுற பொம்பளைங்க எண்ணெல்லாம் பத்து, பன்னெண்டு. நீங்க மட்டுமா மஞ்சள் பூசுறீங்க?"

வடிவு தன் மஞ்சள் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"மேல எழுதிச் சொல்லலாம்லா?"

"இந்த மஞ்சள் விஷயத்த முன்னாடியே நாலு தடவ எழுதிட்டேன். எண் நல்லாத்தானே இருக்குன்னு பதில் வருது."

"அப்ப நான் நல்லா இருந்தா இறங்கணும். எரிஞ்சு, நடுங்கி, தூங்காமக் கெடந்தா ஏறலாம். அப்படித்தான?"

"சட்டம் அப்படித்தான் சொல்லுது."

வடிவுக்கு அழுகை முட்டியது. ஆத்திரம் அதைவிட முட்டியது. அங்கேயே குழாயைத் திறந்து, சோப்புப் போட்டுத் தோல் சிவக்கத் தேய்த்தாள்.

அடுத்த மாதம் எண் இருபத்தாறு. நல்ல தூக்கம், நல்ல பசி. உரிமம் ரத்து. தரையில் நின்று கன்டெய்னருக்குக் கொக்கி கழற்றும் வேலை கொடுத்தார்கள். முதல் நாள், கொஞ்சம் தள்ளியே நின்றவளுக்கு மேற்பார்வையாளர் தைரியம் சொன்னார்.

"பயப்படாம கிட்ட வாங்கக்கா. மேல இருக்கறவங்க புதுசுதான், ஆனா இந்தத் துறைமுகத்துலயே அவங்க எண்தான் கம்மி. ஒன்பது!"

இருபது டன் கன்டெய்னர் ஆடி ஆடி இறங்கிக்கொண்டிருந்தது. வடிவு அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.